கச்சான் அடங்கும் காலம்

ஆங்கில நூல்களோடு பழகிய நம்மவர்க்கு ‘இலையுதிர்காலம்’ என்னும் சொல் நன்கு தெரியும்; அச்சொல் குறிக்கும் காலத்தைக் கண்டவர் எம்மிடையே மிகச் சிலரே. மட்டக்களப்பு வாவிக்கரையில் கோடை முடிந்த செய்தியை மரங்கள் சிவந்தும் மஞ்சளித்தும் அறிவிப்பதில்லை. அச்செய்தியைக் காற்றே கொண்டுவருகிறது. வைகாசி தொடங்கி மேற்குத் திசையிலிருந்து வீசும் கச்சான் காற்று நெல்வயலின் தாளையும் கிணற்றடி வாழையையும் ஒருசேர வாட்டிவிடும். (கச்சான் என்றதும் கடற்கரையில் கடதாசிச் சுருளில் விற்கப்படும் கடலையே சிறுவரின் நினைவுக்கு வரும். இது வேறு கச்சான். இதனை எவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை.) தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலைநாடு தன்னிடமே இறக்கி வைத்துக்கொண்டு, ஈரம் இழந்த காற்றை மட்டும் எமக்கு அனுப்பி வைக்கிறது. ஆவணி கடந்து புரட்டாதி நடுப்பகுதியில் அக்காற்றின் வேகம் தளரும். ஒரு மாலையில் முற்றத்து மணலில் வைத்த செய்தித்தாள் பறக்காமல் வைத்த இடத்திலேயே கிடக்கும். ஐப்பசியில் பிற்பகல் இடிமுழக்கம் கேட்கத் தொடங்கும். அதன்பின் வாடைக்காற்றும் பெருமழையும் வரும்.

இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே இங்கு நமது பேசுபொருள். இப்பத்தியில் செபம், மன்னிப்பு, திருவருட்சாதனங்கள் முதலியவற்றைப் பற்றி எழுதுவதே வழக்கம். இவ்வாரம் மாலை நடையையும், வீட்டுத் தோட்டத்தையும், வாசிப்பையும் பற்றி எழுத விழைகிறேன். திருச்சபை செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் புனித அசிசி பிரான்சிஸ் திருவிழாவாகிய ஒக்டோபர் 4ஆம் திகதி வரை படைப்பின் காலத்தைச் சிறப்பிப்பதால், இவை ஆன்மிகத்துக்குப் புறம்பானவை என எவரும் கருதமாட்டார் என நம்புகிறேன்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் எமது வாவி இந்நாட்களிலேயே மிகவும் ஒடுங்கி, மிகவும் அமைதியாகக் கிடக்கிறது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. உலகின் பல ஊர்கள் அரசரின் பெயரையோ போர்வீரரின் பெயரையோ தாங்கி நிற்க, எம் முன்னோர் தமது நிலத்தின் இருபாதிக்கும் காலையையும் மாலையையுமே பெயராகச் சூட்டினர். கோடை முதிர்கையில் முகத்துவாரத்தில் மணல்மேடு எழுந்து கடலுக்கும் வாவிக்கும் இடையே கதவடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகும்போது அதனை வெட்டித் திறக்க வேண்டிவரும். அதற்கு முன்னரே வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி உள்ளான்களும் தகைவிலான்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஐரோப்பியரும் சைபீரியரும் காணும் இலையுதிர்காலம் எம்மிடம் சிறகு கொண்டே வருகிறது. சேற்றுத் திட்டில் ஓடியோடி இரைதேடும் சிறு பறவையைக் காண்பவர், அது எத்தனை நாடுகளின் எல்லையைக் கடவுச்சீட்டு இன்றிக் கடந்து வந்தது என்பதை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

மாலை நடைக்குக் கல்லடிப் பழைய பாலத்தை விடச் சிறந்த இடத்தை நான் அறியேன். ஆளுநர் மனிங் காலத்தில், 1924ஆம் ஆண்டில் அவருடைய துணைவியாரின் பெயரால் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் அது. 2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் கனரக வாகனங்களின் சுமையிலிருந்து விடுதலை பெற்று, முதுமையில் நடப்போருக்கும் காற்று வாங்குவோருக்கும் துணையாக நிற்கிறது. அங்கே முழுநிலா இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் இன்னொலியைப் பற்றி எம்முள் கேள்விப்படாதவர் இல்லை. மீன் பாடுகிறது என்பர் சிலர். ஊரி பாடுகிறது என்பர் மீனவர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1848 செப்டெம்பரில் இங்கு வந்து, இரவில் தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டு, 1859இல் வெளியிட்ட தமது நூலில் பதிவு செய்தார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு அவர் அதனை ஒப்பிட்டார். அமெரிக்க இயேசு சபைக் குருவான அருட்தந்தை லாங் 1950களில் அதனை ஒலிப்பதிவு செய்தார். சுவாமி விபுலானந்தரோ 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில் அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். ஆங்கிலேய அதிகாரி, கத்தோலிக்கக் குரு, இராமகிருஷ்ண மிசன் துறவி ஆகிய மூவரும் ஒரே நீரின்மேல் காதைச் சாய்த்தனர் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

டெனன்றுக்கு மீனவர் கூறிய இன்னொரு செய்தி நமது பொருளுக்கு நெருங்கியது. வறண்ட பருவத்தில் மட்டுமே ஒலி கேட்கும். மழை பெய்து புதுவெள்ளம் வாவிக்குள் இறங்கியதும் அது நின்றுவிடும் என்றனர் அவர்கள். ஆகவே கேட்க விரும்புவோர் இப்போதே செல்லவேண்டும்; கார்த்திகையில் சென்று பயனில்லை. தோணியின் துடுப்புத் தண்டை நீருள் நிறுத்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழையோர் முறை. கைபேசியில் ஒலிக்கும் பாடலைச் சற்று நிறுத்துவது இக்காலத்தோர் செய்யவேண்டிய முன்னேற்பாடு.

மாலையில் வெளியே சென்று உலாவி வருவது அற்பமான காரியம் என்று இளையோர் எண்ணக்கூடும். இந்த மாவட்டத்தில் அது அற்பமன்று. பொழுது சாயுமுன் கதவடைத்து விளக்கணைத்து வாழ்ந்த ஆண்டுகள் எமக்கு இருந்தன. பாலத்தின் இருமுனையிலும் சோதனைச் சாவடி இருந்தது. லூசியானாவில் பிறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிழக்கிலங்கை மாணவரோடு வாழ்ந்து, அவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் கற்பித்த இயேசு சபைக் குரு அருட்தந்தை யூஜின் ஹேபியர், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்டார். அவரும் வந்து சேரவில்லை. உடன்வந்த இளைஞரும் வந்து சேரவில்லை. அவ்வாண்டின் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் தமிழரும் முஸ்லிம்களுமாக எத்தனையோ பேர் இவ்வாறே திரும்பி வராதோராயினர். ஓகஸ்ட் 30ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோர் நாளன்று, நிழற்படங்களை ஏந்தி வீதியோரம் நிற்கும் தாய்மாரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கடையில் சீனி வாங்கிவரப் போனவனுக்காகக் காத்திருப்போரும் அவர்களிடையே உள்ளனர். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் மறைக்கல்வி முடித்து வந்த சிறுவர் பலர் மாண்டனர். அதற்குப் பின் ஆலயத்துக்குச் சென்று வருவதும் சிலகாலம் அச்சத்தோடு செய்யும் பயணமாயிற்று.

ஆகவே ஒரு குடும்பம் பிள்ளையின் கையைப் பிடித்தபடி பாலத்தில் நடந்து, ஐஸ்கிறீம் வாங்கி, இருட்டிய பின் சிரித்துக்கொண்டே வீடு திரும்புவதைக் காணும்போது நான் அதனை ஒரு நன்றிச் செபமாகவே கொள்கிறேன். ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் ஆயித்தியமலை சதாசகாய மாதா திருத்தலத்துக்கு மக்கள் கால்நடையாகச் செல்கின்றனர். படுவான்கரையின் வெடித்த வயல்களுக்கிடையே, வெயில் ஏறுமுன் செபமாலை சொல்லிச் செல்லும் அந்த நீண்ட வரிசையில் முதியோர் சிலர் இளையோரைவிட விரைந்து நடப்பர். அவ்வழியே அச்சமின்றிச் செல்ல முடியாதிருந்த காலத்தை அறிந்தோர் அவர்கள்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கரையோரத்தில் வாழும் நமக்குக் கிடைத்தது மணல். காலையில் ஊற்றிய நீர் நண்பகலில் இல்லை. ஆதலால் அனுபவமுடையோர் தென்னம் பொச்சைக் குழியில் அடுக்கி, அதன்மேல் கூட்டெருவும் மாட்டெருவும் இட்டு மண் மூடி நடுகின்றனர். பொச்சு நீரை உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கும். கோடையில் முருங்கையும் கறிவேப்பிலையும் பொறுமையோடு நிற்கும். மற்றவை கிணற்றின் தயவில் உயிர்வாழும். புரட்டாதியே நாற்றுமேடை இடும் காலம். கத்தரி, கொச்சிக்காய், தக்காளி ஆகியவற்றை இப்போது விதைத்தால், மழை இறங்கும்போது நாற்று நடுவதற்கு ஆயத்தமாக நிற்கும். பயற்றங்காயையும் வெண்டியையும் நேரடியாகவே ஊன்றலாம். பாத்தியை உயர்த்திக் கட்டாதவர் மார்கழி வெள்ளத்தில் அதன் பயனை அறிந்துகொள்வர். படுவான்கரையின் வட்டைகளில் பெரும்போகத்துக்கு உழவு நடப்பதும் இந்நாட்களிலேயே. மானாவாரிக் காணியில் விதைப்பவர் புழுதியில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். அவருக்கு வானிலை அறிக்கையும் ஒருவகையில் இறைவேண்டலே.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி மே மாதத்தில் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது; அதற்குள் வயல்கள் வெளிறிவிட்டன. பின்னர் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசைகள் நீண்டன. பால்மா எட்டாத விலைக்கு ஏறிற்று. 2022 ஜூனில் அரசாங்கம் தன் ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கி, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு பணித்தது. நல்ல எண்ணந்தான். ஆயினும் ஜூன் மாதத்தில் மழை பொழிவது கொழும்பில். மட்டக்களப்பில் அப்போது கச்சான் தன் உச்சத்தில் நிற்கிறது. ஒரு தீவு முழுவதற்கும் ஒரே பருவம் என எண்ணி விடுக்கப்படும் கட்டளைகளை எமது மணல் ஏற்பதில்லை. அன்றியும் தோட்டம் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை; அது ஒவ்வொரு காலையிலும் நீர் கேட்கும். எனினும் அவ்வாண்டு புரட்டாதியில், எவருடைய கட்டளையும் இன்றி, எமது பங்கு மக்கள் நட்ட மரவள்ளியும் பொன்னாங்காணியும் எத்தனையோ அடுப்புகளைக் காத்தன. அயல்வீட்டு வேலிக்கு மேலாகக் கீரைக்கட்டு கைமாறிய அந்நாட்களில், முதல் திருச்சபையினர் தமக்குள்ளவற்றைப் பகிர்ந்து உண்டனர் எனத் திருத்தூதர் பணிகளில் வாசிப்பதை விளக்க மறையுரை தேவைப்படவில்லை.

கிணறுகளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் ஏனைய கரையோரக் கிராமங்களையும் அழித்தபோது, எஞ்சிய கிணறுகள் அனைத்திலும் கடல்நீர் புகுந்தது. உதவிக்கு வந்தோர் இயந்திரங்களைக் கொண்டு அவற்றை இறைத்துத் தூய்மையாக்க முற்பட்டனர். மணற்பாங்கான எமது கரையில் நன்னீர் கடல்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. மிகுதியாக இறைத்த இடங்களில் அப்படை கலைந்து கீழுள்ள உப்பு மேலெழுந்தது. பின்வந்த பருவமழையே நிலத்தின் உப்பைச் சிறிது சிறிதாகக் கழுவிச் சென்றது. அதன் பின்னரே முற்றத்தில் செவ்வரத்தை மீண்டும் பூத்தது. துயருற்றோரின் வீடுகளுக்குச் செல்லும் குருக்களும் கன்னியரும் இந்த நீரியல் பாடத்தைக் கற்றிருத்தல் நன்று. ஒருவரின் துக்கத்தை ஒரே அமர்வில் இறைத்து வெளியேற்ற முயன்ற ஆலோசகர் பலரையும் அக்காலத்தில் கண்டோம்.

தோட்டமும் நூலும் ஒருங்கே வந்து ஒரு மனிதரின் வாழ்வைத் திருப்பிய வரலாறு திருச்சபையில் உண்டு. ஓகஸ்ட் 27இல் புனித மோனிக்காவையும் மறுநாள் அவருடைய மகன் புனித அகுஸ்தினாரையும் நினைவுகூர்கிறோம். 386ஆம் ஆண்டின் கோடை இறுதியில், மிலான் நகரில் தாம் தங்கியிருந்த வீட்டின் தோட்டத்தில், அத்திமரத்தடியில் அழுதுகொண்டிருந்த அகுஸ்தினார், எடுத்து வாசிக்குமாறு பணிக்கும் ஒரு சிறுகுரலைக் கேட்டார். நண்பர் அலிப்பியுவின் அருகே வைத்திருந்த ஏட்டை எடுத்து, உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் கண்பட்ட இடத்தை வாசித்தார். இவ்வளவும் மறையுரைகளில் பலமுறை கேட்டதே.

அடுத்து நடந்ததைப் பலர் சொல்வதில்லை. பேச்சுக்கலை ஆசிரியரான அவர் மறுநாளே ஆரவாரமாகப் பதவி துறக்கவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு ஏறத்தாழ இருபது நாட்களே இருந்தன. அதுவரை அமைதியாகக் கற்பித்தார். பின்னர் நண்பர் வெரெக்குந்துவின் நாட்டுப்புற இல்லமாகிய கசிசியாக்கும் சென்றார். தாயும், மகன் அதெயோதாத்துவும், மாணவரும் உடன் சென்றனர். இலையுதிர்காலம் முழுவதும் அங்கே கழிந்தது. பகலில் பண்ணை வேலைகளைக் கவனித்தனர். இராவுணவுக்கு முன் வேர்ஜிலின் காவியத்தில் அரைநூல் வாசித்தனர். வானம் வெளுத்தால் புல்வெளியில் அமர்ந்து உரையாடினர், மழையென்றால் குளியல் மண்டபத்தில் அமர்ந்தனர். நவம்பர் 13இல் அவருக்கு 32 வயது நிறைந்தது. ஓர் இரவு உறக்கமின்றிப் படுத்திருந்தபோது, வெளியே ஓடும் நீரின் ஓசை ஒருசமயம் உரத்தும் ஒருசமயம் தாழ்ந்தும் கேட்பதன் காரணத்தை வியந்தார். உதிர்ந்த இலைகள் வாய்க்காலை அடைப்பதும், நீர் அவற்றைத் தள்ளிச் செல்வதுமே காரணம் என்றான் விழித்திருந்த மாணவன் லிசென்சியு. இவ்வற்ப உரையாடலிலிருந்து உலகின் ஒழுங்கு பற்றிய ஒரு முழு நூல் பிறந்தது. அடுத்த ஆண்டு உயிர்ப்பு விழாவில் அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். மனமாற்றத்துக்கும் திருமுழுக்குக்கும் இடையே அவருக்குத் தேவைப்பட்டவை நடையும், வயலும், நூலும், நண்பருமே.

மறுவாழ்வு பெற்றவர் அக்காலத்தில் வேதாகமத்தோடு வேர்ஜிலையும் வாசித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மலைநாட்டுக் குருமடத்தில் நாம் பயின்ற நாட்களில் உணவறையில் ஒருவர் உரத்து வாசிக்க, ஏனையோர் பேசாது உண்பது வழக்கம். வாசிக்கப்பட்டவை புனிதர் வரலாறுகள். சிறுகதையும் கவிதையும் ஓய்வுநேரத்துக்கு உரியனவாக ஓரத்திலேயே நின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் இலக்கிய வாசிப்பைப் பற்றி எழுதிய மடலில், குருமாணவரின் உருவாக்கத்தில் கதையும் கவிதையும் இன்றியமையாத இடம் பெறவேண்டும் என்று வற்புறுத்தினார். இளமையில் சாந்தா ஃபே நகரின் இயேசு சபைப் பாடசாலையில் இலக்கியம் கற்பித்தவர் அவர். விடுமுறையின் வெப்பத்திலும் வெறிச்சோடிய தெருவின் அமைதியிலும் ஒரு நல்ல நூல் பாலைவனச் சோலையாகும் என்னும் கருத்தும் அம்மடலில் உண்டு. எமது ஆவணி நண்பகலை அறிந்தவர் எழுதியது போன்றே எனக்குத் தோன்றிற்று.

ஒக்டோபர் மாதம் எம் நாட்டின் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் பதாகை கட்டுவர்; பேச்சுப் போட்டி வைப்பர். வாசிப்பின் சிறப்பைப் பற்றி மனனம் செய்து பேசும் பிள்ளைக்குப் பரிசாக ஒரு கண்ணாடிக் குவளை கொடுத்தனுப்புவதை விடுத்து ஒரு நூலைக் கொடுத்தால் என்ன என்று அதிபர்களிடம் கேட்டு வருகிறேன். எமது மண்ணைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் வீட்டுக்கு வீடு இருக்கவேண்டியவை. 1978 நவம்பர் சூறாவளியிலும், போரிலும், ஆழிப்பேரலையிலும் வீட்டு நூல்கள் அழிந்துபோனோர் 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கக் கிடைப்பதை அறிந்துகொள்ளட்டும். கைபேசியைக் குறைகூறுவதில் நானும் பின்னிற்பதில்லை. ஆயினும் அதே கைபேசியிலேயே அந்நூலகமும் திறக்கிறது.

படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நான் நற்கருணை கொண்டுசெல்லும் முதியவர் ஒருவர் உள்ளார். அவருடைய மகன் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து வெளியே சென்றவன் திரும்பவில்லை. அந்த அம்மா எழுத்தறியாதவர். மகனின் புத்தகங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் கச்சான் அடங்கும் நாட்களில், மழைக்கு முன், அவற்றை வெளியே எடுத்துப் பாயில் பரப்பி வெயில் காட்டுவார். ஏடுகளுக்கிடையே காய்ந்த வேப்பிலை வைத்து மீண்டும் அடுக்குவார். கடந்த புரட்டாதியில் நான் சென்றிருந்தபோது, வெளிநாட்டில் வீட்டுப்பணி புரியும் மகளின் பிள்ளை, ஏழாம் வகுப்புச் சிறுமி, அப்பாயின் ஓரத்தில் அமர்ந்திருந்தாள். மாமாவின் தமிழ்ப் பாடநூலை எடுத்து அம்மம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் அவன் எழுதியிருந்த குறிப்புகளையும் சேர்த்தே வாசித்தாள். அவற்றுள் ஒன்றை அந்த அம்மா மறுமுறை வாசிக்கச் சொன்னார். அருஞ்சொல் ஒன்றுக்கு எழுதப்பட்ட பொருள்தான் அது. பிற்பகல் இரண்டு மணியளவில் மேற்கே முகில் கறுத்தது. மூவருமாக நூல்களைப் பெட்டியில் அடுக்கினோம். சிறுமி மட்டும் ஒன்றை வெளியே வைத்துக்கொண்டாள். பாட்டி அதனைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடிவிட்டு, கொச்சிக்காய் நாற்றுக்கு மறைப்பாக ஓலை எடுத்துவரக் கிணற்றடிக்குச் சென்றார்.